ஒரே பக்கத்தில் இருபத்தாறு

பதினோரு மணிக்குள் பதினான்கு மேசைகளுக்கும் காகித விரிப்புப் போட்டாக வேண்டும். மிரேய் சுருளை இடது கையால் அழுத்திப் பிடித்து, வலது கையால் இழுத்துக் கிழித்தாள். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போய் ஏழு மாதம் ஆகிறது. உயரத் தட்டில் இருந்த கண்ணாடிக் கோப்பைகளை எல்லாம் போன கோடையிலேயே இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இதுதான் வசதி என்று மட்டும் சொன்னார்கள்.

லியோன் நகரத்து மேட்டுத் தெருவில் பிப்ரவரி மழை. முதலாளி அர்மோன் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு வருவாங்களா?"

"சொல்லிட்டு வந்தா அது விருந்து முதலாளி. இவங்க சோதிக்க வர்றவங்க."

"இந்த வாரம்னு சொன்னாங்க. வாரத்துல இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

"அந்த இடம் தேஞ்சு போகப்போகுது. துணியைக் கீழ வைங்க."

நகரத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் எந்தக் கடையின் ஒயின் பட்டியல் சிறந்தது என்று ஒரு சங்கம் ஆண்டுதோறும் பார்த்துச் சொல்லும். தேறிய கடைக்கு வாசலில் மாட்ட ஒரு பித்தளைத் தகடு கொடுப்பார்கள். தகடு வந்தால் மிரேய் இனித் தட்டுத் தூக்க வேண்டாம், ஒயின் பொறுப்பு மட்டும் பார்த்தால் போதும் என்று அர்மோன் சமையலறையில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். இன்னொரு குளிர்காலம் தட்டுத் தூக்கினால் தோளை அறுத்துத்தான் தைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படி வீட்டில் உட்கார்ந்துவிட்ட ஐம்பத்து நான்கு வயதுக்காரியை எந்தக் கடையும் திரும்பக் கூப்பிடாது. அதை மருத்துவர் சொல்லவில்லை. மிரேய்க்கே தெரியும்.

பட்டியல் ஒரே பக்கம்தான். அதில் இருபத்தாறு ஒயின்கள், அவள் கையெழுத்தில். கடை மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு திராட்சைக் கிராமங்களுக்குப் போய்விடுவாள். நிலவறை வாசலில் நின்று வாயில் ஊற்றிப் பார்த்துத் துப்புவாள். பிடித்ததில் ஒரு புட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கடையில் மிஞ்சிய குடல் கறியோடு வைத்துக் குடித்துப் பார்ப்பாள். பதினோரு ஆண்டுகளாக இதுதான் அவள் திங்கட்கிழமை. மணம், நிறம் என்றெல்லாம் அவள் எழுதுவதில்லை. ஒன்றின் பக்கத்தில் 'தட்டை ரொட்டியால் துடைத்தபின் குடிக்க' என்றிருக்கும். இன்னொன்றின் பக்கத்தில் 'சண்டை போட்டுவிட்டு வந்தவர்களுக்கு' என்றிருக்கும்.

பன்னிரண்டே காலுக்கு, நனைந்த மேலங்கியோடு மெலிந்த பெண்மணி ஒருத்தி தனியாக வந்து கதவோர மேசையில் உட்கார்ந்தாள். பட்டியலைக் கையில் எடுத்தவள் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தாள்.

மிரேய் கல்லாப் பக்கம் போய் லோய்க்கிடம், "அவங்கதான்," என்றாள். லோய்க் முதலாளியின் மருமகன். கல்லாவில் நின்று காப்பியும் பானமும் கொடுப்பவன். ஓட்டல் பள்ளியில் இரண்டு வருடம் படித்தவன்.

"எப்படிக்கா தெரியும்?"

"கீழேர்ந்து படிக்கிறாங்க. விலை குறைஞ்சதுல ஒரு கடை என்ன வச்சிருக்குன்னு பாக்குறவங்க சும்மா சாப்பிட வந்தவங்க இல்லை."

"நான் போய் ரெண்டு வார்த்தை பேசட்டா? படிச்ச பையன்னு நினைப்பாங்க."

"நீ பேசினா கடையை மூடிருவாங்க. காப்பியைப் போடு."

அந்தப் பெண்மணி பட்டியலின் கடைசியில் இருந்ததையே கேட்டாள். அடி கனத்த கண்ணாடிக் குடுவையில் ஊற்றித் தரும் சிவப்பு ஒயின் அது. மற்றக் கடைகளில் அதற்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது.

"இது யாரோடது?"

"ஷிரூபிள் கிராமத்துல புரோதியேன்னு ஒருத்தர் மேடம். மலைச் சரிவுத் தோட்டத்துல மேல் பாதி அவரோடது. கீழ் பாதி அவர் தம்பியோடது. தம்பிகிட்ட வாங்குறதில்லை."

"ஏன்?"

"அவர் அவசரக்காரர். ஒயின்லயும் அது தெரியுது."

பெண்மணி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு பட்டியலை மேல்நோக்கிப் படித்துக்கொண்டு போனாள். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"சண்டை போட்டவங்களுக்குன்னு ஒண்ணு எழுதியிருக்கே, அது என்ன?"

"அது முதல் அரை மணி நேரம் எந்த ருசியும் காட்டாது மேடம். அவங்களும் அதுவரைக்கும் பேசிக்க மாட்டாங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் கொஞ்சம் இளகும்."

பெண்மணி சிரித்துவிட்டாள். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நான் சங்கத்திலேர்ந்து வர்றேன். பேரு வசெரோ. ரெண்டு மணிக்குள்ள இன்னும் ரெண்டு கடை பாக்கணும். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ஒயினுக்கு இங்க யாரு பொறுப்போ அவங்க பேரும் கையெழுத்தும் வேணும்."

அப்போது சமையலறை மணி அடித்தது. ஒன்பதாம் மேசைக்கு நான்கு கெனெல். ஆற்று மீனை அரைத்துப் பிடித்த உருண்டை அது. அடுப்புக்குள் பொங்கி எழும், வெளியே எடுத்த இரண்டு நிமிடத்தில் அமுங்கிவிடும். அமுங்கியதை இந்த ஊரில் யாரும் தொட மாட்டார்கள். மிரேய் யோசிக்கும் முன்பே அவள் கால் திரும்பிவிட்டது.

"ஒரே நிமிஷம் மேடம். கெனெல் அமுங்கிரும்."

இடது முன்கையில் மூன்று, வலது கையில் ஒன்று. பீங்கான் தட்டின் சூடு சட்டைத் துணியைத் தாண்டி இறங்கியது. மேசைகளுக்கு நடுவே திரும்பும்போது வசெரோ கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், அர்மோன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதும் தெரிந்தன.

"நீ போ மிரேய், ஆறிடும். லோய்க், கையெழுத்தை நீ வந்து போடு. அவங்களுக்கு நேரமாகுது."

சுவர்க் கண்ணாடியில் லோய்க் பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான். தட்டு முன்கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. மிரேய் தலையசைத்தாள்.

நான்கு தட்டுகளையும் வைத்து நிமிர்ந்தபோது நான்கும் பொங்கிய மேனிக்கே இருந்தன. ஒன்பதாம் மேசைக்காரர்கள் "ஆகா" என்றார்கள். அவள் திரும்பி வந்தபோது கதவோர நாற்காலி காலியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தகடு வந்தது. கடையின் பேர், அதன் கீழே 'ஒயின் பொறுப்பு: லோய்க்'. அர்மோன் அதைக் கல்லாமேல் கவிழ்த்து வைத்திருந்தார். மிரேய்தான் புரட்டிப் பார்த்தாள்.

"போன் போட்டுக் கேட்டேம்மா," என்றார் அர்மோன். "கையெழுத்துப் போட்டவங்க பேருதானாம். அந்தப் பேருக்காரர்தான் கடையில ஒயினைப் பாத்துக்கணுமாம். வருஷா வருஷம் வந்து பாப்பாங்களாம், இல்லேன்னா தகடைத் திருப்பி எடுத்துக்குவாங்களாம். ஒயினுக்குன்னு ரெண்டு பேரை வச்சுக்க இந்தக் கடை தாங்காது. உனக்கே தெரியும்."

மிரேய் தகட்டை மறுபடி கவிழ்த்து வைத்தாள். குளிர்ப்பெட்டியின் இரைச்சல் நின்று, மறுபடி தொடங்கியது.

"நாலும் அமுங்காமத்தான் போச்சு முதலாளி," என்றாள்.

"எது?"

"அன்னிக்கு. கெனெல்."

அர்மோன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் முன்னால் ஒரு காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். அவர் தானே போட்ட காப்பி. அவருக்குக் காப்பி போட வராது. மிரேய் அதை முழுவதும் குடித்தாள்.

லோய்க் புது ஏப்ரனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான். ஒயின்காரர்கள் கட்டும் நீளக் கறுப்புத் துணி.

"அக்கா, நான் வேணாம்னுதான் சொன்னேன். மாமாகிட்ட நேத்தும் சொன்னேன்."

"தெரியும்டா. நான்தானே தலையாட்டினேன்."

"எனக்கு ஷிரூபிள் எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாது."

"திரும்பு. இப்படிக் கட்டினா நடுவுல அவுந்துரும்." அவனை முதுகு காட்டி நிற்கவைத்து முடிச்சைப் பிரித்து இறுக்கிக் கட்டினாள். "படிக்கட்டுல ஏறும்போது நுனியைப் பிடிச்சுக்கோ. புட்டியோட விழுந்து வைக்காத."

தகடு மாட்டிய இரண்டாம் நாள் மதியம் கடை நிரம்பி, மூன்று பேர் வாசலில் குடையோடு நின்றார்கள். ஜன்னலோர மேசைக்காரர் ஒயின் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். லோய்க் போனான், கேட்டான், சமையலறை வாசலுக்கு விரைந்து வந்தான்.

"அக்கா, கடுகு போட்ட சிறுநீரகம் சாப்பிடுறாரு. ஆனா வெள்ளைதான் வேணுமாம்."

மிரேய் இடது முன்கையில் மூன்றாவது தட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். "மாக்கோன் ஊரு வெள்ளை, மஞ்ச மூடி போட்டது. கீழ் அறையில இடது பக்கம். ஊத்தினதும் குடிக்க வேணாம்னு சொல்லு. முதல்ல கறியில ரெண்டு வாய், அப்புறம் ஒயின். கடுகு அடங்கினாத்தான் இது பேசும்."

லோய்க் உதடுகளுக்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே கீழே ஓடினான்.

நான்காவது தட்டை அவள் வலது கையால் எடுத்தாள். தோள் உயராததால் உடம்பையே சாய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த இரண்டு மேசைகளுக்குப் பரிமாறிவிட்டு மறுபடி நான்கு தட்டுகளோடு அவள் வந்தபோது, லோய்க் ஜன்னலோரத்தில் நின்று ஊற்றிக்கொண்டிருந்தான்.

"முதல்ல கறியில ரெண்டு வாய் எடுத்துக்குங்க சார். கடுகு அடங்கினாத்தான் இது பேசும்."

"அழகாச் சொன்னீங்க," என்று அந்த மனிதர் ஒரு சிறிய நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். லோய்க்கின் காது மடல்கள் சிவந்துவிட்டன. வழி குறுகல். நாற்காலிக்கும் அவன் முதுகுக்கும் நடுவே ஒரு ஆள் போகத்தான் இடம்.

"சூடு, பின்னால," என்றாள் மிரேய்.

லோய்க் திரும்பிப் பார்க்காமல் வயிற்றை உள்ளே இழுத்து வழிவிட்டான்.