தாரணியின் கண்காட்சிக்குப் பதினேழு படிகள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தப்பில் பிறந்தது. முதல் வரியை இப்படித்தான் எழுதினேன்: 'தாரணி மலாக்கா டவுன் கடைவீட்டின் படிகளில் மடமடவென்று ஏறி'

அங்கேயே நின்றுவிட்டேன். தாரணி சக்கர நாற்காலியில் போகிறவள். முந்தின நாள் குறிப்பேட்டில் அப்படி எழுதியவனே நான்தான். (அந்த வரியை அழிக்கவில்லை. என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.)

2.

ஆள் யாரென்று சொல்ல வேண்டும். மலாக்காவை அடுத்த ஜாசின் ஊர்க்காரி, முப்பத்து நான்கு வயது. வீடியோ எடுப்பாள், ஒலி கோப்பாள், துணியில் சித்திரம் தைத்து அதன்மேல் படம் ஓட்டுவாள். பிறர் படைப்புகளையும் தேடித் திரட்டிக் கண்காட்சி வைப்பாள். திரையில் எப்போதும் யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள், நாமே பேசினால் என்ன என்பது அவள் கட்சி.

இந்த முறை மாற்றுத்திறனாளிகள் ஐந்து பேரின் ஐந்து படங்கள். குருபோங் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஹரிதாஸுக்குக் காது கேட்காது. சைகையிலேயே மேனேஜரைக் கிண்டலடிக்கிறான். தோட்டத்து விபத்தில் கால் போன பாக்கியலட்சுமி, செயற்கைக் காலின் விரல்களுக்கும் நகப்பூச்சு போடுகிறாள். 'ஐயோ பாவம்' என்று யாரும் உச்சுக்கொட்ட இடமில்லாதபடி ஐந்துமே சிரிப்பு.

ஐவரில் மூவரால் செங்குத்தான படி ஏற முடியாது. கண்காட்சியோ பதினேழு படிகளுக்கு மேலே, மாடியில். அதை அங்கே வைத்தவனும் நான்தான். பழைய கடைவீட்டு மாடி, வர்ணிக்க அழகாக இருக்குமே!

3.

சனிக்கிழமை நாலு மணி. கடைவீட்டுக்காரர் ரங்கசாமி அசடு வழிந்தார்.

"லிஃப்ட் ரோசாக்* லா, தாரணி. சரி பண்ணிடுவேன்னுதான் சொன்னேன். இப்ப அதுக்குள்ள நாற்காலி, தோரணம் எல்லாம் அடுக்கிட்டோம்."

(*கெட்டுப்போனது. மலாய்ச் சொல்; 'லா' வெறும் பேச்சு ஒட்டு. எங்கள் ஊரில் எந்தச் சாமானும் தமிழில் கெட்டுப்போவதில்லை.)

அவள் நண்பன் தினேஷ்வரன் சட்டைக் கையை மடித்தான். "நாலு பேரு தூக்கிட்டா முடிஞ்சிச்சு."

"போட்டோக்காரங்க நிக்கிறாங்க, தினேஷ். நாளைக்குப் பேப்பர்ல எங்க படமா வரும்? நீங்க தூக்குற படம்தான் வரும்."

தாரணி சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். ஒரு வருட உழைப்பு. தன் கண்காட்சிக்கே மூட்டையாகப் போவதா?

4.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வரி போதுமே: 'அப்போது லிஃப்ட் தானாகவே'

தாரணி என்னை முறைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். "கதையில மட்டும் ஓடுற லிஃப்ட் யாருக்கு சார்?"

அந்த வரியை அங்கேயே விட்டேன். நாலு பேர் தூக்கிப்போகும் முடிவையும் எழுதிப் பார்த்தேன்: கைதட்டல், கண்ணீர். நன்றாகவே வந்திருந்தது, அதுதான் வெட்கம். கிழித்துப் போட்டேன்.

5.

ஐந்து மணி. மாடியில் சட்டமன்ற உறுப்பினர் (எங்கள் ஊர் வழக்கில் 'ஒய்.பி.'), பத்திரிகைக்காரர்கள், அறுபது பேர், ஏர்கோன் குளிர். கீழே நடைபாதையில் தாரணியும் படம் எடுத்த ஐவரும். ஏற முடிந்தவர்களும் ஏறவில்லை.

"தூக்கத்தான் ஆசைன்னா மேல படம் ஓட்ட வச்ச டிவிய தூக்கிட்டு வா, தினேஷ்."

அவன் தூக்கிக்கொண்டு இறங்கியதும் ரங்கசாமி மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "தாரணி! ஒய்.பி. காத்திருக்காரு லா!"

"நாங்களும்தான் அங்கிள். கீழ வரச் சொல்லுங்க. படம் இங்கதான்."

மாடியில் நாற்காலிகள் நகர்கிற சத்தம். எழுந்து வருகிறார்களா, வசதியாகச் சாய்ந்துகொள்கிறார்களா? எழுத மாட்டேன். அந்த அறுபது பேரில் நானும் ஒருவன். நீங்களும்தான். இவ்வளவு நேரம் எங்கிருந்து வேடிக்கை பார்த்தோம் என்று நினைத்தீர்கள்?

கீழே ஹரிதாஸ் ஏதோ சைகை காட்டுகிறான், பாக்கியலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என்ன ஜோக்கென்று இங்கிருந்து தெரியவில்லை. நான் கீழே இறங்க என் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள்?