ஈரத் தொப்பிகள்

மலையடிவாரத்து அலுவலகத்தில் அவருக்குப் பலகையார் என்று பெயர். பெற்றோர் இட்ட பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டுமே அறியும். விடியுமுன் உச்சிவரை ஏறி இறங்கி, எந்த வளைவில் கல் பெயர்ந்திருக்கிறது, நடுமலை ஊற்றில் தண்ணீர் எவ்வளவு என்பவற்றை மலையேற வருவோர் பார்க்க வாயிற்பலகையில் எழுதுவது அவர் வேலை. கண்ணால் காணாத எதையும் எழுதமாட்டார் என்பதே இருபத்தாறு ஆண்டுகளில் அவர் ஈட்டிய நற்பெயர்.

"பலகையார் எழுதிட்டா மலையே அதுக்கு அடங்கி நடக்கும்" என்று வழிகாட்டிகள் கேலி பேசுவர். அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு உள்ளூர மகிழ்வார்.

அந்தக் கோடையில் அவருடைய இடது முழங்கால் மக்கர் செய்தது. மூன்றாம் வளைவுக்கு மேல் ஏற இயலவில்லை. ஓய்வுபெற எட்டு மாதமே இருந்தபடியால், வாய்திறவாமல் வேறொரு வழி கண்டார். வெயிலில் இறங்கி வருவோர் ஊற்றில் தொப்பியை நனைத்து அணிவது வழக்கம். மாலையில் வாயிலருகே அமர்ந்து அவர்களுடைய தொப்பிகளை நோட்டமிட்டார். தொப்பி நனைந்திருந்தால் ஊற்றில் தண்ணீர் உண்டு. பத்து நாள்கள் அக்கணக்குப் பிசகவில்லை.

செவ்வாய் மாலை வந்த மூத்த வழிகாட்டியின் தொப்பியும் நனைந்தே இருந்தது. புதன் காலை, 'ஊற்றில் தண்ணீர் உண்டு' என்று எழுதினார். அன்று பிற்பகல் ஊற்றுக்கு மேலே ஒருவர் சுருண்டு கிடந்தார். தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

தூக்கி வந்த மூத்த வழிகாட்டி தன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் எறிந்தான். "ஊத்து நேத்தே காஞ்சு போச்சே. காலையில நீங்க பார்த்திருப்பீங்கன்னுதானே நான் சொல்லலை?"

பலகையார் தொப்பியைத் தொட்டார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அத்தனையும் வியர்வை.

மறுநாள் காலை இறந்தவரின் மனைவி வந்து, திறக்காத தண்ணீர்ப் புட்டிகள் இரண்டை மேசைமேல் வைத்தாள்.

"வண்டியில இருந்துச்சுண்ணே. மேல தண்ணி இருக்குன்னு எழுதியிருக்கு, வீண் சுமை எதுக்குன்னு போன்ல சொன்னாரு. இப்ப எல்லாரும், வெவரங்கெட்டவன், தண்ணி இல்லாம ஏறிட்டான்னு பேசுறாங்க. அவங்கம்மாவும் அதையே சொல்லி அழறாங்க. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். காலையில தண்ணி இருந்துச்சா?"

அவர் விடை கூறுமுன் அதிகாரி அவரை உள்ளறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். அதிகாரி வேறு யாருமல்லர், அவருடைய தங்கை கணவர்.

"மச்சான், காலையில இருந்துச்சு, மத்தியானம் வத்திருச்சுன்னு அறிக்கையில ஒரே ஒரு வரி எழுதிடுங்க. ஊத்து வந்து சாட்சி சொல்லவா போகுது?"

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன மாப்பிள்ளை சொல்றது?"

"அதையேதான். நீங்க நொண்டுறதைப் பார்த்தும் கண்டுக்காம விட்டவன் நான். உங்களோட சேர்த்து என் சீட்டும் கிழிஞ்சிடும். உங்க தங்கச்சி முகத்தையாவது நெனச்சுப் பாருங்க."

பலகையார் தங்கையின் முகத்தை நினைத்துப் பார்க்கத்தான் செய்தார். சன்னல் வழியே பலகை தெரிந்தது. நேற்றைய வரியை எவரோ ஈரத்துணியால் துடைத்திருந்தனர். எனினும் எழுத்துகள் வெளிறித் தெரிந்தன. அதன் கீழே, அலுவலகத்துப் படியில், அந்தப் பெண் புட்டிகளைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் மேசையிலிருந்த அறிக்கைத் தாளை எடுத்துச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

"மச்சான், எங்க போறீங்க?"

அவர் திரும்பவில்லை. முழங்காலைப் பிடித்தபடி படியிறங்கி அவள் எதிரே நின்றார்.

"நான் பார்க்கலைம்மா. பத்து நாளா நான் மேல போகவே இல்லை. உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லை, நான் எழுதினதை நம்பினாரு. அறிக்கையிலயும் இதைத்தான் எழுதப்போறேன்."