துளை போடாத மூலை

அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஈரத்துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள் பெரியவள். பாதியில் அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

“கதவைச் சாத்திட்டு வா.”

அந்த அறைக் கதவு சட்டத்தில் சிக்கும். தோளால் இடித்துத்தான் சாத்த வேண்டும். சாத்திவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

“நான் போனதுக்கப்புறம் இந்த ரூமுல பசங்களப் படுக்க வைக்காதீங்க.”

“காலங்காத்தால என்ன பேச்சுப்பா இது?”

“குறுக்க பேசாத. எனக்கு மூச்சு கொஞ்சம்தான் இருக்கு.”

கட்டடம் கட்டப்போகும் இடங்களில் துளை போட்டு, மண்ணை எடுத்துப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதியே காலத்தை ஓட்டியவர் அப்பா. மண்ணு சார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அடுக்குமாடிக் கனவோடு வருகிறவர்களிடம், இங்கே இரண்டு மாடிக்கு மேல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ஆசையில் மண்ணள்ளிப் போடுவார். எதையும் அடித்துச் சொல்ல மாட்டார். இருக்கலாம், இருக்கக்கூடும் என்றுதான் முடிப்பார். சாப்பாடு எப்படி என்று அம்மா கேட்டால்கூட, “சாப்பிட்ட வரைக்கும் நல்லா இருக்கு” என்பார்.

இந்த வீட்டுக்கும் ரிப்போர்ட் அவருடையதுதான். கட்டியது தம்பி. அவன் கட்டட கான்ட்ராக்டர்.

“துளை போட்டுப் பாத்தது வேற எடம்டி. நான் வெளியூர் வேலைக்குப் போயிருந்தப்போ, முன்னால கார் நிறுத்த எடம் வேணும்னு உன் தம்பி வீட்டையே பின்னால தள்ளிட்டான். திரும்பி வந்து பாக்குறேன், மேல்தளமே போட்டாச்சு. இந்த ரூம் இருக்குற மூலை, நான் பாத்த எடத்துக்கெல்லாம் வெளியில நிக்குது.”

“இங்க மண்ணு மோசமாப்பா?”

“மோசம்னு சொல்லல. தெரியாதுன்னு சொல்றேன்.” மூச்சு வாங்கினார். “ரிப்போர்ட்டுல ஒரு துளையிலேர்ந்து இன்னொரு துளைக்குக் கோடு இழுத்து, இது வரைக்கும் களிமண்ணு, இதுக்குக் கீழ மணல்னு படம் போட்டிருப்போம். துளையில வந்த மண்ணு நான் பாத்தது. நடுவுல போற கோடு நான் நெனச்சது. அந்தக் கோடுகூட இந்த மூலை வரைக்கும் வரல.”

“தம்பிகிட்ட சொல்லலையா?”

“சொன்னேன். நல்ல மண்ணுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்கன்னு சிரிச்சான்.”

கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினார். அதன் கீழ்முனையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. சுண்ணாம்பு அடித்து மறைத்தும் மறுபடி வாயைத் திறந்திருந்தது.

“போன மழைக்கு அப்புறம் வந்தது. வெறும் பூச்சு விரிசலாவும் இருக்கலாம்.”

அந்த ‘இருக்கலாம்’ கேட்டு இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுக்க வீட்டில் கேட்டுச் சிரித்த வார்த்தைதான்.

மத்தியானத்துக்குள் அப்பா போய்விட்டார். அவள் அழுது முடிப்பதற்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் பின் ஒருவராக அந்தச் சின்ன அறைக்குள் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தம்பியிடம் வேலை பார்க்கும் மேஸ்திரி, நல்ல கனத்த ஆள், விரிசலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தேம்பினார்.

“அண்ணே, கொஞ்சம் ஹாலுக்கு வாங்க. இங்க காத்தே இல்ல.”

“பரவாயில்லம்மா. சார் பக்கத்துலயே நிக்கிறேன்.”

அப்பாவுக்காக அழ வந்த மனிதரை எடை போட்டுப் பார்க்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாலு பேர் சாய்ந்து நிற்பதால் அஸ்திவாரம் இறங்கிவிடாது என்று அவளுக்கும் தெரியும். பயத்துக்குத்தான் அது தெரியவில்லை. தெருவில் ஒரு லாரி போனது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. உயிர் போய் உயிர் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்து அவரை எடுத்துப் போனபோது, எல்லோரும் இந்த அறையை விட்டு வெளியே போனார்களே என்று முதலில் நிம்மதிதான் வந்தது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

எல்லாம் முடிந்து சாயங்காலம் திரும்பினார்கள். ஹால் முழுக்கச் சொந்தக்காரர்கள்.

“பசங்க இனிமே தாத்தா ரூமுலயே படுத்துக்கட்டும்” என்றான் தம்பி. சொல்லி வாய் மூடவில்லை, அவனுடைய பெண்கள் இரண்டு பேரும் தலையணைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

“வெளியில வாங்கடி!”

அவள் போட்ட கூச்சலில் வீடே திரும்பிப் பார்த்தது.

“என்னக்கா, செத்தவர் இருந்த ரூம்னு பயமா?”

“அப்பாவுக்கு எதுக்குடா நான் பயப்படணும்? இந்தச் செவுத்துக்குத்தான் பயப்படுறேன்.”

காலையில் அப்பா சொன்னதை அப்படியே சொன்னாள். தம்பி சலித்துக்கொண்டான்.

“அவருக்கு எதுலதான் சந்தேகமில்ல? இத்தனை வருஷமா அவரே இங்கதானே படுத்திருந்தாரு? பயமா இருந்தா படுப்பாரா?”

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள். காலையிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை.

“இந்த வீட்டுக்கு வந்த புதுசுலயே என்னைய ஹாலுக்கு அனுப்பிட்டாரு” என்றாள். “உன் குறட்டையில தூக்கம் வரல, நீ அங்க போய்ப் படுன்னாரு. அவ்வளவு கோவம் எனக்கு. அதுக்கப்புறம் அவர்கிட்ட நான் முகம் குடுத்தே பேசல.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குக் குறட்டையே வராதுடா.”

தம்பியின் சின்னப் பெண் தலையணையைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். பெரியவள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மா மடியில் உட்காரவைத்தாள். அம்மா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி செருப்புகூடப் போடாமல் பின்பக்கம் போனான். கொஞ்சம் பொறுத்துப் பெரியவளும் போய்ப் பின்வாசலில் நின்றாள். மதிலுக்கும் வீட்டு மூலைக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. சிமென்ட் போடாத வெறும் மண். அவன் எத்தனையோ மனைகளில் முதல் ஆளாக இறங்கி நடந்தவன். அன்று சந்து முனையிலேயே நின்று, வலது காலை நீட்டிப் பெருவிரலால் மண்ணை அழுத்திப் பார்த்தான். இன்னொரு காலை எடுத்து அதன் பக்கத்தில் வைக்கவில்லை.