அருகில் இதுபோன்ற இடங்கள்

"உம் பேர்ல கடை வைக்கணும்னா இந்த வூட்ல இருந்துகினு வைக்க முடியாது."

"அப்ப வூட்ட வுட்டுட்டு வைக்கிறேன் மாமா."

போன தையில் மாமனார் எல்லப்பனுக்கும் கவியாவுக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். புதுப்பட்டினம் மெயின் ரோட்டில் அவருடைய ஹோட்டலுக்குக் கூட்டம் சேர்த்ததே அவள் வைத்த மீன்குழம்புதான். அதைச் சொல்லிக்காட்டாமல் பையை எடுத்துக்கொண்டாள். கணவன் மோகன் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே நின்றான். அவனிடம் கேட்க வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுப் படியிறங்கியவள், இரண்டு தெரு தள்ளி 'கவியா மெஸ்' என்று போர்டு மாட்டினாள். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் தொண்டையிலேயே நின்றது.

இன்று மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் மோகன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அப்பா அனுப்பிச்சாரு" என்று ஃபோனை நீட்டினான்.

திரையில் மாமனாரின் ஹோட்டல். அதன் கீழே 'அருகில் இதுபோன்ற இடங்கள்' என்று போட்டு, முதலாவதாக அவளுடைய மெஸ்.

"அணுபுரத்து சார் ஒருத்தரு எங்க கடையத் தேடி, இதப் பார்த்துட்டு இங்க வந்து சாப்ட்டாராம். நேத்து அவரே சொல்லிட்டுப் போனாரு. அப்பாவுக்கு ஒரே பேஜாரு. டப்பு குடுத்து அவர் பேருக்கு அடியில உன் பேர ஒட்டிக்கினயாம்."

கவியாவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் இன்னாத்த ஒட்டறது? உங்க ஹோட்டலத் தேடறவங்களே அப்புறம் என் மெஸ்ஸயும் தேடறாங்க. அதப் பார்த்துகினே இருந்துட்டு ஃபோன் ரெண்டையும் சேர்த்துக் காட்டுது."

"ஃபோன்லேர்ந்து மெஸ்ஸயே தூக்கிடணுமாம். இல்லன்னா நீ மருமவளே இல்லயாம்."

"தூக்க மாட்டேன்னு சொல்லு. மருமவ இல்லன்னா போட்டிக் கடைக்காரின்னு வெச்சுக்கச் சொல்லு."

மோகன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டான். ஆனால் போகவில்லை.

"அப்படித் தேடறவங்கள்ல நானும் ஒருத்தன்" என்றான் மெல்ல.

"ரெண்டு தெரு தள்ளி கீற கடைய ஃபோன்ல இன்னாத்துக்குத் தேடற?"

"சாப்ட வர்றவங்க போட்டோ போடுவாங்க இல்ல. எதுலனா நீ இருப்பியான்னு பார்ப்பேன். ஒண்ணுல உன் கை மட்டும் கீது, சோறு போடற மாதிரி."

கவியா கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று கேட்காமல் விழுங்கியதை, இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாமனாருக்கே கேட்டாலும் கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னாள்:

"அங்க திரும்பிப் போவாத. என்கூட இங்கயே வந்துரு."