மெதுவான ரீல்

கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து மூன்றாவது தூண்டில் ரீலை எடுத்து வைத்தபோது எனக்குப் பாதிப் பொறுமை போயிருந்தது. முதலில் காட்டியது வேகமானது, அடுத்தது அதைவிட வேகமானது, இது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுமாம். ஒவ்வொன்றின் கைப்பிடியையும் விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சுழலவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்டது அது இல்லை. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை ஐந்து சுற்றும் கொஞ்சமும் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். ஏழும் எட்டும் எனக்கு வேண்டாம் என்றேன். அவர் நான் ஏதோ குழம்பிப்போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, எண் கூடக்கூட ரீல் ஒசத்தி என்று பரீட்சை மார்க்கு மாதிரி விளக்க ஆரம்பித்தார்.

"லோ கியர்தாங்க வேணும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

உள்ளே போய் ஒரு பெட்டியைத் துடைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்காரருக்கா என்று வேறு ஒரு கேள்வி. என் வீட்டுக்காரருக்கு மீன் என்றால் தட்டில் கிடப்பது மட்டும்தான் தெரியும். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். கனமாக, நிதானமாகச் சுற்றியது. இதை அண்ணன் பார்த்தால் குதிப்பான் என்று தெரியும். குதிக்கட்டும் என்றுதான் வாங்கினேன்.

அண்ணன் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான். யார் தலையையும் தான் நினைத்த பக்கம் திருப்பிப் பழகியவன். வருஷா வருஷம் நீர்த்தேக்கத்தில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டி நடக்கும்; ஒரு படகுக்கு இரண்டு பேர். படகு அப்பா எங்கள் இருவருக்கும் பொதுவாக விட்டுப்போனது. முன்னால் அவன், பின்னால் நான். இதுவரை அப்படித்தான் போனோம். இந்த வருஷம் வேகமான ரீலோடு வந்தால் வா, இல்லாவிட்டால் உன் இடத்தில் என் மகளைக் கட்டின மாப்பிள்ளை உட்காரட்டும் என்று சொல்லிவிட்டான். என்னிடம் சொன்னால் பரவாயில்லை. அவன் கடைக்கு முடிவெட்ட வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான்.

எல்லாம் போன போட்டியில் போன மீனால் வந்த வினை. என் தூண்டிலில் பெரிதாக ஒன்று மாட்டியது. பாதித் தூரம் வந்ததும் நரம்பு சட்டென்று தொய்ந்தது, மீன் தூண்டில் முள்ளை உதறிவிட்டுப் போய்விட்டது. மீன் படகைப் பார்த்து ஓடி வந்தால் நரம்பு தொய்யும், அப்போது வேகமாகச் சுற்றத் தெரிய வேண்டும், மெதுவான ரீலை வைத்துக்கொண்டு என்ன கிழிப்பது என்பது அண்ணன் கட்சி. வாதம் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மீன் படகைப் பார்த்து ஓடி வரவில்லை. படகுதான் மீனைப் பார்த்து ஓடியது. மீனின் முதுகு தெரிந்த சந்தோஷத்தில் இவன் முன்னால் இருக்கும் மோட்டாரைத் திருகிவிட்டான். அதை நான் சொன்னால் காது கேட்காது. வீட்டில் எல்லோரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்கள், தோற்றது என்னால் என்று ஆகிவிட்டது.

அதோடு எனக்கு ஒரு பெயரும் வந்தது. நான் இரையாகக் கட்டி இழுப்பது முன்னால் அகலமான உதடு வைத்த போலி மீன். இழுக்க இழுக்க ஆழத்துக்குப் போய் அடியில் இருக்கும் கற்களில் முட்டிக்கொண்டே வரும். முட்டுவது கல்லா, கடிப்பது மீனா என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். நான் மீன் என்று நினைத்து நிமிரும்போதெல்லாம் அண்ணன் முன்னாலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் "கல்லு" என்பான். நியாயமாகச் சொன்னால், பெரும்பாலும் கல்லாகத்தான் இருக்கும். மீன் போனதற்குப் பிறகு அவன் என்னையே கல்லு என்று கூப்பிட ஆரம்பித்தான். கல்லு வந்தாச்சு, கல்லுக்கு ஒரு காபி குடு. அண்ணி வீட்டில் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவள். ஏற்றத்தில் டாப் கியர் போட்டால் வண்டி முக்கி முனகி நின்றுவிடும். அந்தப் போலி மீனும் ஏற்றம் மாதிரிதான். தண்ணீருக்குள் வாளியை இழுப்பதுபோல அப்படிக் கனக்கும். வேகமான ரீலில் அதை இழுத்தால் மத்தியானத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். அதைவிடப் பெரிய காரணம் என் கோபம். கோபம் வந்தால் என் கை பறக்கும். வேகமான ரீல் அதைவிடப் பறக்கும். இரை எந்த மீனுக்கும் எட்டாமல் ஓடிவிடும். மெதுவான ரீலில் நான் எவ்வளவு கொதித்தாலும் இரை அதன்பாட்டில் நிதானமாக வரும். இதையெல்லாம் அண்ணனுக்கு ஏன் விளக்க வேண்டும்? பழைய ரீல் பல் தேய்ந்துபோனதால் புதிது. புதிதும் அதே கியர். முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, போட்டிக்கு முன் கடைசியாக ஒருமுறை படகை எடுத்தோம். யாருக்கு இடம் என்று அன்றைக்கு முடிவு செய்வதாக அண்ணன் அறிவித்திருந்தான். மாப்பிள்ளை நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தார். என்னைச் சித்தி என்று கூப்பிடும் நல்ல பிள்ளை. மாமனாரிடம் இல்லை என்று சொல்லத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. அவர் கையில் எட்டுச் சுற்று ரீல், பளபளவென்று. அண்ணன் என் தூண்டில் தடியைப் பார்த்தான். ரீலின் பக்கவாட்டில் இருந்த எண்ணைக் குனிந்து படித்தான்.

"நான் படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. நானும் கேட்டேன். வாங்கினது எனக்குப் பிடிச்சத."

"அப்ப எடத்த மாப்ளைக்குக் குடுத்துர்றியா?"

"என் எடத்த குடுக்க நீ யாரு? படகுல பாதி என்னோடது. வேணும்னா உன் பாதில அவர உக்கார வை."

மாப்பிள்ளை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகம் சிவந்து மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெயில் ஏறும்வரை யாருக்கும் ஒன்றும் மாட்டவில்லை. மாப்பிள்ளையும் என்னுடையது போன்ற போலி மீனைத்தான் கட்டியிருந்தார். முதலில் விறுவிறுவென்று சுற்றினார், பிறகு ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவே கையை உதறினார், பிறகு தடியை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியைப் பிரித்தார். அண்ணன் கரையோரம் புல்லுக்குள் எதையோ வீசி வீசி இழுத்துக்கொண்டிருந்தான். நான் சுற்றினேன். கல்லில் டொக், விட்டு மறுபடி டொக். கை சொல்லிக்கொண்டே வந்தது. இது சரளை, இது பாறை, இது மூழ்கிப்போன மரத்தின் வேர். கோபம் இருந்தது, கை பறக்கப் பார்த்தது, ரீல் விடவில்லை.

ஒரு பாறையைத் தாண்டியதும் இரை நின்றுவிட்டது. டொக் என்ற சத்தம் இல்லை. வெறும் கனம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தடி வளைந்தது.

"கல்லு," என்றான் அண்ணன், திரும்பாமல்.

கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினேன், கனத்தது. இன்னொரு சுற்று. மாப்பிள்ளை ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டு என் நரம்பு தண்ணீருக்குள் போகும் இடத்தைப் பார்த்தார். நரம்பு இடது பக்கம் மெல்லச் சாய்ந்து, நீரைக் கிழித்துக்கொண்டு போனது.

"மாமா," என்றார் மாப்பிள்ளை மெதுவாக, "கல்லு நகருது."

அண்ணன் வெடுக்கென்று திரும்பினான். தண்ணீருக்கடியில் அகலமான ஒரு முதுகு பச்சையாகப் புரண்டது. அவன் வாய் திறந்தபடி இருக்க, வலது கை தன்பாட்டுக்கு மோட்டார் பக்கம் போனது.

"கைய எடு," என்றேன்.

அவன் நின்றான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவனுக்குப் போன தடவை நடந்தது எல்லாம் ஞாபகம் இருந்தது என்று தெரிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது, கத்தவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. நரம்பு இறுக்கமாக இருந்தது. மீன் இன்னும் ஆழத்தில்தான் இருந்தது, எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. அண்ணனின் கை மோட்டாருக்கும் காலடியில் கிடந்த, மீனை அள்ளும் கைவலைக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது. நான் அவசரப்படாமல் இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.