ஏற்கப்படாத செமெஸ்ரர்

நிரூபா கொலிஜில் படித்த நான்காவது செமெஸ்ரரை ஏற்றுக்கொள்ள முடியாது என்று பல்கலைக்கழகம் அறிவித்த மறுநாள் பின்னேரம், அந்தச் செமெஸ்ரரில் இறந்துபோன அவளுடைய கணவன் பிரியந்தன், லோறன்ஸ் கிழக்கு வீதி பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்கு வந்தான். வேலைக்குப் போடும் தடித்த சப்பாத்தும் ஒளிரும் மஞ்சள் மேலங்கியும் போட்டிருந்தான். கையில் வெறும் சாப்பாட்டுப் பை. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் அவர்கள் இருந்த மாடிக்கட்டடத்தின் லிஃப்ற் அன்றும் பழுது என்பதால் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கார் எங்கே என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. நிரூபா கதவைப் பிடித்தபடி, அதை விற்றுவிட்டோம் என்றாள். நல்ல காராச்சே என்று குறைபட்டுக்கொண்டு அவன் சப்பாத்தைக் கழற்றினான். அறைக்குள்ளிருந்து வந்த மகள் அட்சயா தகப்பனைவிட அரை அங்குலம் உயர்ந்திருந்தாள். அவன் அவளை நிமிர்ந்து பார்க்க, அவள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, “அப்பா, யூ மிஸ்ட் லைக் மூண்டு வருஷம்” என்று அழுதாள்.

நிரூபாவின் பல்கலைக்கழக ஆசை கனடாவுக்கு வந்தபின் முளைத்ததல்ல. யாழ்ப்பாணத்தில் கம்பஸ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது சண்டை மூண்டு பாதை பூட்டி, படிப்பு நின்று, அது திறக்கும் என்று காத்திருந்த காலத்தில் கலியாணம் பேசி, ரொறன்ரோவில் வந்து இறங்கினாள். அந்தப் பாதிப் படிப்புக்கு இங்கே ஒரு பெறுமதியும் இல்லை என்று சொன்னார்கள். பிறகு பேக்கரி, பிறகு துப்புரவு வேலை, பிறகு அட்சயா. பிள்ளை வளர்ந்து ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகு, கொலிஜில் இரண்டு வருடம் சமூகசேவை படித்தால் அந்த கிரெடிற்றுகளை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் வருடத்துக்குப் போகலாம் என்று யாரிடமோ கேட்டுவந்து சொன்னவன் பிரியந்தன்தான். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் லொறிகளுக்குச் சாமான் ஏற்றும் வேலை அவனுக்கு. அங்கிருந்து வந்து குளிக்காமலேயே அவளை வகுப்புக்குக் கூட்டிப்போவான். வகுப்பு முடியும்வரை காரை நிறுத்திவிட்டு அதற்குள் குறட்டை விடுவான். நான்காவது செமெஸ்ரர் தொடங்கிய மாரியில், ஒரு வியாழக்கிழமை, பண்டகசாலை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் பிறகு எழும்பவில்லை. அந்த நேரம் நிரூபா முதியோர் இல்லம் ஒன்றில் களப்பயிற்சியில் நின்றாள். அவளுடைய ஃபோன் லொக்கருக்குள் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமையே அவள் திரும்ப வகுப்புக்குப் போனதைச் சனம் ஒரு மாதிரித்தான் பார்த்தது. இழப்பும் துயரும் என்ற பாடத்தின் கட்டுரையை, அவனுடைய சேட்டுகளைப் பெட்டியில் அடுக்கிய கையோடு எழுதி முடித்தாள். சோதனைகள் எல்லாம் சித்தி. களப்பயிற்சி செய்த இல்லத்திலேயே வேலையும் கிடைத்தது. யாராவது இறந்தால் மிஞ்சியவர்களுக்குப் பக்கத்தில் போய் இருப்பதற்கு நிரூபாவைத்தான் அனுப்புவார்கள். அவளுக்கு அது எப்படியோ கைவந்திருந்தது. மூன்று வருடம் ஆன பிறகுதான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். முதல் மூன்று செமெஸ்ரரையும் எடுத்துக்கொண்டார்கள். நான்காவதற்கு இணையான பாடங்கள் தங்களிடம் இல்லை என்றார்கள். அன்றே அவள் மேன்முறையீடு செய்தாள். மறுநாள் அவன் வந்துவிட்டான்.

கட்டடத்தில் இதைப் பெரிய விஷயமாக யாரும் எடுக்கவில்லை. எதிர்வீட்டு ஸுபைதா, யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து வந்தவர், இறைச்சிக் கஞ்சி ஒரு சட்டி கொண்டுவந்து, “மூண்டு பேருக்கும் காணும், பிள்ளை” என்று சொல்லிவிட்டு, லிஃப்ற் திருத்துகிறவர்களைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டு போனார். பிக்கரிங்கில் இருந்த சொந்தக்காரர் திராட்சையும் அப்பிளும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்து, மெலிந்துபோனாய் என்றார்கள். மாலை போட்டுச் சுவரில் தொங்கிய தன் படத்தைப் பிரியந்தன் தானே கழற்றி, இதில் நான் தடித்துத் தெரிகிறேன் என்று அலுமாரிக்குப் பின்னால் வைத்தான். பண்டகசாலைக்குப் போனபோது அவனுடைய அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. அறிவிக்காமல் வேலைக்கு வராமல் விட்ட ஆள் என்று மேற்பார்வையாளர் கடுமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் வீட்டில் நின்று சமைத்தான், அட்சயாவின் கணக்குப் பாடத்தைப் பார்த்து விளங்காமல் மூடிவைத்தான், நிரூபா வேலையால் வரும் நேரம் பஸ் தரிப்பில் போய் நின்றான். அவன் எப்போதும் அவளைவிட மூன்று வயது மூத்தவனாக இருந்தவன். இப்போது இருவருக்கும் ஒரே வயது. ஒருநாள் கண்ணாடியில் இருவர் தலையையும் பார்த்துவிட்டு, நரை உனக்குத்தான் கூட என்று அவன் சிரித்தபோது, அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாள்.

பல்கலைக்கழகத்தில் கிரெடிற் மாற்றும் பிரிவில் இருந்த ஸ்டெபனி ஒரு மத்தியானம் அழைத்தாள். வீட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நிரூபா உள்ளதைச் சொன்னாள். ஸ்டெபனி ஆச்சரியப்படவில்லை. ஒரு செமெஸ்ரரைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதில் நடந்தவையும் சில வேளை பின்வாங்கிவிடுவது உண்டு என்றாள். ஒரு மாணவனுக்கு முழங்கால் முறிவு எக்ஸ்ரேயிலிருந்தே மறைந்துபோனது. இன்னொருத்திக்கு, அந்தச் செமெஸ்ரரில் படித்த சீனமொழியோடு, சீனமொழி பேசிய காதலனும் இல்லாமல் போனான். மேன்முறையீடு வென்றால் செமெஸ்ரர் நடந்ததாகிவிடும், வந்தது திரும்பிப் போய்விடும். வேண்டாம் என்றால் மேன்முறையீட்டை மாத முடிவுக்குள் மீளப்பெறலாம். ஆனால் நான்கு செமெஸ்ரரும் சேராமல் கிரெடிற் செல்லாது, மூன்றாம் வருட இடம் கிடைக்காது, முதலாம் வருடத்திலிருந்து தொடங்கவேண்டும். வேலையையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு முதலாம் வருடத்திலிருந்து தொடங்குவது என்றால் ஒருபோதும் இல்லை என்றுதான் பொருள் என்பது நிரூபாவுக்குத் தெரியும். மீளப்பெறுகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்ல வாயெடுத்தாள். ஸ்டெபனி, அவசரம் வேண்டாம், யோசியுங்கள் என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

நிரூபா யோசிக்கவில்லை. மனதுக்குள் அது முடிந்துபோன காரியம். கணவனிடம் ஒன்றும் சொல்லாமல், மாதக் கடைசியில் ஸ்டெபனிக்கு அறிவித்தால் போதும் என்று இருந்தாள். அந்த நாட்களில்தான் இல்லத்தில் பேர்ணடெற் என்ற மூதாட்டியின் கணவர் இறந்தார். அறுபது வருடம் கூட வாழ்ந்தவர்கள், ஒரே அறையில் இரண்டு கட்டில். வழக்கம்போல நிரூபாவை அனுப்பினார்கள். அவள் கதவடியில் போய் நின்றாள். பேர்ணடெற் வெறுங்கட்டிலைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் போவதா, கையைப் பிடிப்பதா, எதைச் சொல்வது, எதைச் சொல்லக்கூடாது, ஒன்றும் அவளுக்கு நினைவு வரவில்லை. மறந்துபோனது போல இல்லை, ஒருபோதும் அறியாதது போல இருந்தது. “எல்லாம் சரியாகிவிடும்” என்று சொன்னாள். பேர்ணடெற் அவளை அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு அவன் புட்டு அவித்திருந்தான். தாய் சொல்லிவைத்திருந்த அட்சயாவிடம் கேட்டு அவன் எல்லாவற்றையும் அறிந்திருந்தான். அவளால் தகப்பனுக்குப் பொய்சொல்ல முடியவில்லை.

“யூனிவேர்சிற்றிக்காரர் திருப்பிப் பாக்கினமாம். நீ எனக்குச் சொல்லேல்லை.”

“எனக்கு உந்தப் படிப்பு வேண்டாம். உதாலை ஒண்டும் நடக்கப் போறேல்லை.”

“கம்பஸை விட்டிட்டு வந்த கதையை எனக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பாய்? இன்னொருக்கா விடுறதைப் பாக்கவோ நான் வந்தனான்?”

“அதை எடுத்தினமெண்டால் நீங்கள் போயிடுவியள்.”

“போனவன்தானே நான்.”

அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். பிறகு, இத்தனை நாளும் சொல்லாததைச் சொன்னாள்.

“அண்டைக்கு ஃபோன் லொக்கருக்குள்ளை இருந்தது. நீங்கள் ரெண்டு தரம் அடிச்சிருக்கிறியள். நான் எடுக்கேல்லை.”

அவன் யோசித்தான். அந்தச் செமெஸ்ரரில் எதுவும் அவனுக்கு நினைவில்லை.

“கறியிலை உப்புக் கூட எண்டு சொல்ல அடிச்சிருப்பன். வேறை என்னத்துக்கு நான் வேலையிலை நிண்டு அடிக்கிறனான்?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. அவன் துடைக்கும் துணியை அவள் கையிலிருந்து வாங்கினான்.

“இஞ்சை பார், நிரூ. அந்த நாலு மாசத்திலை நான் செத்தது மட்டுந்தான் செய்தனான். மிச்சமெல்லாம் நீ செய்தனீ. பிள்ளையைப் பாத்தனீ, என்னை எரிச்சனீ, சோதினை எழுதினனீ. அது ஒண்டும் நடக்கேல்லை எண்டு அவங்கள் சொல்ல நீயும் தலையாட்டுவியோ?”

மாதம் முடிந்தது, ஸ்டெபனிக்கு அவள் அறிவிக்கவில்லை.

முடிவு வரும்வரை இருந்த காலத்தை அவர்கள் மூன்று பேரும் எப்படிக் கழித்தார்கள் என்று ஸுபைதாவைக் கேட்டால் சொல்லுவார். ஒவ்வொரு ஞாயிறும் இரவல் காரில் ஏரிக்கரைக்குப் போனார்கள். பிரியந்தன் மகளுக்குக் கார் ஓட்டப் பழக்கினான், கட்டடத்துப் பார்க்கிங்கில் இரண்டு தூணை இடித்தார்கள். வீட்டில் தளர்ந்திருந்த கதவு, அலுமாரி எல்லாவற்றுக்கும் ஆணி இறுக்கினான். நிரூபா அவன் தூங்கும்போது பார்த்துக்கொண்டிருந்தாள், குறட்டைச் சத்தம் கேட்காவிட்டால் தட்டி எழுப்பினாள். ஏன் எழுப்பினாய் என்று அவன் கேட்டால், ஒன்றுமில்லை, படுங்கோ என்பாள். பக்கத்தில் படுத்திருந்தவனை நினைத்து அவள் ஏங்கியதுபோல அவன் இல்லாத மூன்று வருடத்திலும் ஏங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடிய எழும்பியபோது அவனுடைய பக்கத்துப் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. சப்பாத்து வாசலில் இல்லை. பத்து மணிபோல ஸ்டெபனி அழைத்தாள். நான்கு பாடங்களை ஏற்றுக்கொண்டார்கள், மூன்றாம் வருடத்துக்கு அவை போதும், வாழ்த்துகள் என்றாள். நிரூபா கட்டில் விளிம்பில் இருந்தபடி நன்றி சொன்னாள். பிறகு ஸ்டெபனி, களப்பயிற்சியை மட்டும் குழு எடுக்கவில்லை, எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மன்னிக்கவேண்டும் என்றாள். நிரூபா அதைக் காதில் வாங்கவில்லை. அன்று பின்னேரம் இல்லத்துக்குப் போய்ப் பேர்ணடெற்றின் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் இருந்தாள். இருட்டுப்படும் நேரம் பேர்ணடெற் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தச் செமெஸ்ரரில் ஏற்கப்படாமல் மிஞ்சிய களப்பயிற்சி செவ்வாயும் வியாழனும் நடந்தது. அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலை நிரூபா குசினிக்குள் போனபோது பிரியந்தன் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றான். சீனி எங்கே வைத்தாய் என்று கேட்டான். புதன்கிழமை அவன் இல்லை. வியாழக்கிழமை இருந்தான். எங்கே போய்வருகிறீர்கள் என்று அட்சயா கேட்டதற்கு, தனக்கு இடையில் நாள் இருப்பதாகவே தெரியவில்லை, செவ்வாய் இரவு படுத்தால் வியாழன் விடிகிறது என்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நிரூபா இல்லத்தில் அந்த இரண்டு நாளும் லீவு கேட்டு வாங்கினாள். பல்கலைக்கழகத்திலும் செவ்வாய், வியாழன் வகுப்புகளை எடுக்கவில்லை. அதனால் இரண்டு வருடத்தில் முடியவேண்டிய படிப்பு நாலு வருடம் இழுத்தது. வீட்டுக்குத் தேவையான பெரிய கதைகளையெல்லாம், அட்சயா எந்த யூனிவேர்சிற்றிக்குப் போவது என்பது உட்பட, அந்த இரண்டு நாளுக்குள் பேசி முடித்தார்கள். சண்டையும் அந்த நாட்களில்தான். செவ்வாய் போட்ட சண்டையின் மிச்சத்தை அவன் வியாழன் காலை சூடு ஆறாமல் தொடங்குவான், அவளுக்கு இடையில் ஒரு நாள் முழுக்க ஆறியிருக்கும். புதன்கிழமைகளில் அவள் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திருப்பி அலுமாரிக்குள் வைப்பாள்.

பட்டமளிப்பு விழா ஒரு புதன்கிழமை நடந்தது. அட்சயாவும் ஸுபைதாவும் போனார்கள். நிரூபாவின் பெயரை வாசித்தவரின் நாக்கு பாதியில் தடுக்கி விழுந்து எழும்பியது. அங்கியை அன்று பின்னேரமே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நிரூபா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் வியாழன். கதிரைகளைச் சுவரோரம் தள்ளினார்கள். ஸுபைதா வந்து சோபாவில் பிரியந்தனுக்குப் பக்கத்தில் இருந்தார். அவன் கலியாணங்களுக்குப் போடும் சேட் போட்டிருந்தான். அட்சயா தொண்டையைச் செருமி, தாயின் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, ஒரு எழுத்தும் பிசகாமல் உரத்து வாசித்தாள். நிரூபா அங்கியோடு குசினி வாசலிலிருந்து யன்னல்வரை நடந்தாள். பிரியந்தன் எழும்பி நின்று கைதட்டினான். பிறகு, யன்னல் பக்கம் திரும்பியிருந்ததில் தனக்கு முகம் தெரியவில்லை, இன்னொருதரம் நடக்கவேண்டும் என்றான். அவள் இன்னொருதரம் நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஏன் பிந்தியது என்று அங்கே இருந்த பெண் கேட்டாள். நேற்றுத்தான் என் கணவர் வீட்டுக்கு வந்தவர், அவருக்குப் போட்டுக் காட்ட இருந்தது என்று நிரூபா சொன்னாள். அந்தப் பெண் சரி என்று தலையாட்டி, அங்கியை உதறி, மற்ற அங்கிகளோடு சேர்த்துக் கொழுவிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.