கடைசி வரியிலிருந்து மேலே

1

இந்தக் கதை ஒரு பிராதிலிருந்து வந்தது. கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். என் மனைவி அன்புக்கரசி செய்த ஒன்றின் மேல், பீங்கான் பொம்மை சுடும் சூளைக்காரர் பக்கிரி அப்படியொரு பிராது கட்டினார். அது இன்னும் வாபஸ் ஆகவில்லை. அன்புக்கரசி இறந்து நாற்பது நாளாகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளின் புகை' – அடித்துவிட்டேன். இப்போது கேஸ் சூளை, புகை ஏது? அடுத்து: 'அவள் ஒரு மேதை' – இதைப் படித்தால் அவளே சிரிப்பாள். பிறகு கடைசி வரியிலிருந்து மேலே எழுதப் பார்த்தேன் (காரணம் 4-இல் வரும்). கடைசி வரி கிடைக்கவில்லை.

2

அவள் செய்தது ஒரு கம்பைலர். நான் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் வேலை பார்ப்பவன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மனிதர் எழுதும் வரிகளைச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவது அது. அவள் எடுத்துக்கொண்ட சிப் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. எதையும் நினைவில் வைக்க அதில் அறுபத்து நான்கு இடங்கள்தாம். (என் மேசை டிராயரில் இதைவிட அதிகம் கிடக்கும்.) அதற்குள் ஒரு சூளையின் முழு நாளும் அடங்க வேண்டும்.

பக்கிரி தன் பேச்சிலேயே எழுதலாம்: 'முந்நூறு வரைக்கும் மெல்ல ஏத்து', 'அரை மணி நிறுத்து'. கம்பைலர் அதை மாற்றிக் கொடுக்கும். சிப் சூளையை நடத்தும். நினைவில் வைக்க வேண்டிய ஒவ்வொரு எண்ணுக்கும் எழுதுகிறவர் ஒரு பெயர் வைப்பார். பெயர்கள் அதிகம், இடங்கள் குறைவு என்பதுதான் சிக்கல்.

"பஸ்ஸு சீட்டு மாதிரிங்க" என்றாள். "வேப்பூர்ல ஒருத்தர் எறங்கினா அந்த சீட்டுல இன்னொருத்தர்."

3

தவறு அங்கேதான் நடந்தது. பற்ற வைக்குமுன் சூளைக்குள் கையை நீட்டி அன்றைய சூட்டை மனதில் வாங்கிக்கொள்வது பக்கிரியின் பழக்கம். மறுநாள் கதவைத் திறக்கும்போதுதான் அதை நினைப்பார். சூளை அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் திறக்கலாம். எழுதும்போதும் அப்படியே முதல் வரியில் 'காலைச்சூடு' என்று பெயர் வைத்தார். கடைசி வரியில்தான் அதைக் கேட்டார். நடுவில் எழுபது வரிகள் அதைத் தொடவேயில்லை. பெயர் இறங்கிவிட்டது என்று நினைத்த கம்பைலர், அந்த இடத்தில் வேறொரு எண்ணை உட்கார வைத்தது. சூளை இருநூற்றைம்பது டிகிரியில் இருக்கும்போதே பச்சை விளக்கு எரிந்தது. பக்கிரி விளக்கை நம்பித் திறந்தார். குளிர்காற்று பட்டு இரண்டாயிரம் பொம்மைகளும்

[அந்த ஓசையை எழுத வரவில்லை.]

"இன்சினியரம்மா, ஒங்க மிஷினுக்கு எங்க மாமியாரே தேவல. அதுவாவது காலையில தின்னத சொல்லும்."

"என் தப்புதாண்ணே."

"ஒங்கள யாரு சொன்னா? மிஷினு மேல பிராது கட்டிட்டேன். எந்த மிஷினுன்னு தெரியணும்ல, 'அன்புக்கரசி செஞ்சது'ன்னு எழுதியிருக்கேன். கோவிச்சுக்காதீங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கொளஞ்சியப்பருக்குக் கம்பைலர் தெரியுமாண்ணே?"

"வரப்புத் தகராறே தீக்கறாரு. இது என்னா பெரிய இது!"

4

மூன்று நாள் தாள் தாளாக எழுதினாள். நான்காம் நாள், நீட்டிய டீயை வாங்காமல் சொன்னாள்: "ஏங்க, மேலேருந்து கீழ படிச்சதுதான் தப்பு. கடைசி வரியிலேருந்து மேல போவணும். அப்பதான் எந்தப் பேரு இன்னும் தேவைன்னு தெரியும். கீழ ஒரே ஒரு வரியில கூப்பிட்டா போதும். அதுவரைக்கும் அந்த எடத்த யாரும் தொடக்கூடாது."

யாரும் வாங்க வராத பெட்டிகளை இருபது வருடமாக ஏலத்துக்கு அனுப்புகிறவன் நான். இங்கே, பொத்தானைவிடச் சிறிய ஒன்றுக்குள், எழுபது வரி மௌனத்துக்குப் பின் ஒரே ஒருமுறை அழைக்கப்படுவதற்காக ஓர் இடம் காத்திருக்கப் போகிறது.

"மூணு சூளை நல்லா வரட்டும்ணே, அப்பறம் வாபஸ் வாங்குங்க" என்று பக்கிரியிடம் சொன்னாள். இரண்டு வந்தன. மூன்றாவதற்கு முன் மாரடைப்பு. (இந்த வாக்கியத்தை நீட்டிப் பார்த்தேன். நீளவில்லை.)

5

அதன்பின் முப்பத்தெட்டு நாள் பக்கிரி மிஷினைத் தொடாமல் கையாலேயே சூளையை நடத்தினார். நேற்றுக் காலை மறுபடி மாட்டினார். இன்று திறந்தபோது நானும் இருந்தேன். இரண்டாயிரம் வெள்ளைப் பொம்மைகள். ஒன்றில்கூட விரிசல் இல்லை. நேற்றைய காலையை அவளுடைய வேலை இன்றுவரை மறக்காமல் வைத்திருந்தது. சிப் இருந்த மிஷின் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் பக்கிரி வண்டியோடு வாசலுக்கு வந்தார். "வாபஸ் வாங்கிப்புடலாமா சாரு?"

"வாங்கினா அந்தத் தாளு?"

"அதோட முடிஞ்சுது. எழுதின பேரும் போயிடும்." தலையைக் குனிந்துகொண்டார். "வாங்காம வுட்டாலும் தப்பு. மிஷினு சரியாத்தான இருக்குது? அவங்க மேல பொய்ப்பிராது நிக்கக்கூடாது சாரு."

சட்டை மாற்றி வருகிறேன் என்று உள்ளே வந்தவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே ஹாரன் அடிக்கிறார்.

ஒரு முடிவு: போகிறேன், அவள் செய்தது சரி என்று சொல்லித் தாளை வாங்கிவிடுகிறேன். இன்னொன்று: நாளைக்குப் பார்க்கலாம் என்கிறேன், நாளையும் அதையே சொல்கிறேன். இரண்டையும் எழுதினேன், இரண்டையும் அடித்தேன்.

கடைசி வரி உங்களுடையது. நான் வண்டியில் ஏறினேனா இல்லையா என்பதை உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் அவள் பெயர் ஒருமுறை வரட்டும். வந்தால் போதும், முதல் வரியிலிருந்து அதுவரைக்கும் அந்த இடத்தை யாரும்